பேர்ல் ஹார்பருக்கு 26 வருஷம் முன்னாடியே விழுந்த டார்பிடோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, ஹவாயில இருந்த அமெரிக்க கடற்படைத் தளம் பேர்ல் ஹார்பர் மேல ஜப்பான் நடத்தின தாக்குதல் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். நல்லா உழைச்சு எழுதியிருக்காங்க, படங்களும் அருமை. ஆனா விமானத்துல இருந்து டார்பிடோ, அதாவது தண்ணிக்குள்ள தானே ஓடிப்போய் கப்பல்ல வெடிக்கிற குண்டு, போட்டு கப்பல அடிக்கிற முறைய ஜப்பான்தான் முதல்ல கொண்டு வந்துச்சுன்னு ஒரு வரி வருது பாருங்க, அது சரியில்ல. பேர்ல் ஹார்பர் நடந்தது 1941 டிசம்பர் 7. அதுக்கு 26 வருஷம் முன்னாடி, 1915 ஆகஸ்ட் மாசமே, இங்கிலாந்து கடற்படைக்காரங்க துருக்கி கப்பல் மேல இத செஞ்சு காட்டிட்டாங்க. வருஷத்த மட்டும் திருத்தி நாலு வரி கார்டு போட்டுருவோம்னுதான் உக்காந்தேன், எழுத எழுத சொல்ல வேண்டியது அத விட பெருசா இருக்குன்னு தோணுச்சு, கடிதம் நீண்டு போச்சு, பொறுத்துக்கோங்க.

நான் மேல்நிலைப் பள்ளியில இயற்பியல் நடத்தி ரிட்டயர் ஆனவன். இந்த டார்பிடோ கதைய வருஷா வருஷம் பிளஸ் ஒன் பசங்களுக்கு சொல்லியிருக்கேன், ஏன்னா இதுல எறிபொருள் இயக்கம், மிதப்பு, கைரோ (வேகமா சுத்திக்கிட்டே தன் திசைய மாத்தாம வச்சுக்கற சக்கரம்) எல்லாம் ஒரே இடத்துல வருது. உங்க கட்டுரையில விமானம் எத்தன, கப்பல் எத்தன, செத்தவங்க எத்தனன்னு எல்லாம் இருக்கு. ஆனா இந்த ஆயுதத்துல கஷ்டம் பூரா டார்பிடோ தண்ணிய தொடுற அந்த அரை நொடியிலதான் இருந்துச்சு, அத சரி பண்றதுக்கு நாலஞ்சு நாட்டு ஆளுங்க கால் நூற்றாண்டுக்கு மேல மண்டைய ஒடச்சுக்கிட்டாங்க, அத பத்தி ஒரு வார்த்த கூட இல்ல. அதான் என் குறை.

கிணத்துல குதிச்சு வளந்தவங்களுக்கு இது ஒடனே புரியும். தலகீழா நெட்டுக்குத்தலா பாஞ்சா நேரா அடி ஆழத்துக்கு போயிருவோம், கோட காலத்துல தண்ணி கொறவா கெடக்குறப்ப அப்படி பாஞ்சு தரையில மண்ட ஒடஞ்ச பசங்க எல்லா ஊர்லயும் உண்டு. படுத்த வாக்குல விழுந்தா வயித்துல சாட்டையால அடிச்ச மாதிரி செவந்து போயிரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாய்வு இருக்கு, அது பழகுனவனுக்குத்தான் வரும். இப்ப அந்த பையனுக்கு பதிலா முக்கா டன் எடையுள்ள ஒரு இரும்பு மிஷின நினைச்சுப் பாருங்க. செங்குத்தா விழுந்தா சேத்துல போய் சொருகிக்கும். தட்டையா விழுந்தா ஒடம்பு நசுங்கும், இல்லன்னா நாம கொளத்துல எறியிற ஓட்டாஞ்சில்லு மாதிரி தண்ணி மேல தத்தித் தத்தி எங்கயோ போகும்.

அதுவும் டார்பிடோ வெறும் குண்டு கிடையாது, அது ஒரு குட்டி நீர்மூழ்கிக் கப்பல். 1866-ல ஃபியூமே துறைமுகத்துல, இப்ப குரோஷியாவுல ரியெக்கான்னு சொல்ற ஊரு, ராபர்ட் ஒயிட்ஹெட்ங்கற இங்கிலீஷ் இன்ஜினியர் அத செஞ்சப்ப உள்ள அழுத்தின காத்துல ஓடுற மோட்டார் வச்சாரு, எவ்வளவு ஆழத்துல போகணும்னு தானே பாத்துக்கறதுக்கு தண்ணி அழுத்தத்த உணர்ற வால்வும் ஒரு பெண்டுலமும் சேத்தாங்க, முப்பது வருஷம் கழிச்சு நேர்கோட்டுல போக கைரோவும் வந்துச்சு. கடிகாரத்துக்கு உள்ள இருக்குற மாதிரி நுணுக்கமான சாமான் எல்லாம் அதுக்குள்ள. கப்பல்ல இருந்தோ படகுல இருந்தோ குழாய் வழியா மெதுவா தள்ளி விடுறதுக்குன்னு பண்ணின பொருள் அது. அத வானத்துல இருந்து கீழ போட்டா என்ன ஆகும்னு அத செஞ்சவர் யோசிச்சிருக்கவே முடியாது, ஏன்னா அப்ப விமானமே கிடையாது.

விமானம் வந்து பத்து வருஷம் கூட ஆகல, யோசன ஆரம்பிச்சுருச்சு. அமெரிக்க கடற்படை அதிகாரி பிராட்லி ஃபிஸ்க் 1912-ல இதுக்கு பேட்டண்ட் வாங்கினாரு, ஆனா அவர் நினைச்சத தூக்குற அளவுக்கு அப்ப விமானத்துக்கு தெம்பில்ல. இத்தாலியில அலெஸ்ஸாண்ட்ரோ குய்தோனிங்கற கடற்படை கேப்டன் 1914 பிப்ரவரியில ஒரு டம்மி டார்பிடோவ கீழ போட்டு பாத்தாரு. அதே வருஷம் ஜூலை 28, இங்கிலாந்துல கால்ஷாட் கடல் விமான நிலையத்துல ஆர்தர் லாங்மோர் ஒரு ஷார்ட் கடல் விமானத்துல 14 அங்குல டார்பிடோவ கட்டிக்கிட்டு ஏறி தண்ணியில போட்டாரு. ஆஸ்திரியா செர்பியா மேல போர் அறிவிச்சதும் அதே நாள்தான், முதல் உலகப்போர் தொடங்குன நாள்.

இனி உங்க கட்டுரையில விட்டுப்போன 1915-க்கு வரேன். பென்-மை-க்ரீன்னு ஒரு கப்பல், மேன் தீவுக்கு பயணிகள ஏத்திட்டு போயிட்டு இருந்தது, போருக்காக கடல் விமானங்கள சுமக்குற கப்பலா மாத்தினாங்க. துருக்கியில கலிபோலி சண்ட நடக்குறப்ப அது அங்க நின்னுச்சு. ஆகஸ்ட் 12 அன்னைக்கு சார்லஸ் எட்மண்ட்ஸ்ங்கற பைலட் ஷார்ட் 184 கடல் விமானத்துல தனியா கெளம்பினாரு. தனியா ஏன்னா கூட ஒரு ஆள ஏத்தினா விமானம் தண்ணிய விட்டு எழும்பாது, பெட்ரோலையும் முக்கா மணி நேரத்துக்கு மட்டும்தான் ஊத்தினாங்க, மிச்ச தெம்பெல்லாம் அந்த டார்பிடோவ தூக்கறதுக்கே சரியாப் போச்சு. குறுகலான நிலப்பகுதிய தாண்டி மர்மரா கடல் பக்கம் போயி, கிட்டத்தட்ட 15 அடி உயரத்துக்கு எறங்கி, சுமார் 800 கஜ தூரத்துல இருந்து விட்டாரு, துருக்கி கப்பல்ல போய் பட்டுச்சு. நேர்மையா சொல்லணும்னா அந்த கப்பல் ஏற்கனவே ஒரு நீர்மூழ்கி அடிச்சு ஊனமா கெடந்தது, அதனால அத முழு வெற்றின்னு சில பேர் ஒத்துக்கறதில்ல. அஞ்சு நாள் கழிச்சு, 17-ஆம் தேதி, எட்மண்ட்ஸ் திரும்ப போயி இன்னொரு கப்பல அடிச்சாரு, அதுல சந்தேகத்துக்கு இடமே இல்ல. அன்னைக்கு கூட போன டேக்கர்ங்கறவருக்கு இன்ஜின் மக்கர் பண்ணி தண்ணியில எறங்கிட்டாரு, பக்கத்துல ஒரு எதிரி இழுவைப்படகு தெரிஞ்சதும் தண்ணியிலயே உருட்டிக்கிட்டு போய் டார்பிடோவ விட்டு அத ஒடச்சிட்டாரு, எடை கொறஞ்சதும் விமானம் எழும்பி பத்திரமா கப்பலுக்கு திரும்பிட்டாரு. எங்க வகுப்புல இந்த இடம் வந்தா கடைசி பெஞ்சு பையனும் நிமிர்ந்து உக்காருவான்.

15 அடிங்கறத கவனிங்க. ஒரு மாடி வீட்டோட உயரம். அந்த காலத்து விமானம் மெதுவா போகும், அவ்வளவு தாழ வந்து போட்டாத்தான் டார்பிடோ ஒடையாம உள்ள போகும். அப்படி தாழ மெதுவா வந்தா கப்பல்ல இருக்கறவன் துப்பாக்கிய எடுத்தே சுட்டுருவான். 1917 மே 1-ஆம் தேதி ஜெர்மன் கடல் விமானம் ஒண்ணு இங்கிலாந்தோட சஃபோக் கரைக்கிட்ட ஜீனாங்கற சரக்குக் கப்பல டார்பிடோ போட்டு மூழ்கடிச்சுது, ஆனா கூட வந்த ரெண்டாவது விமானத்த அந்த முங்கிக்கிட்டு இருந்த கப்பல்காரங்களே சுட்டு வீழ்த்திட்டாங்க. மெதுவா போனா ஆள் போவான், வேகமா போனா டார்பிடோ போகும், இந்த முடிச்சுலதான் எல்லா நாடும் அடுத்த இருபது வருஷம் மாட்டிக்கிட்டு நின்னுச்சு.

சாப்வித் குக்கூ பத்தியும் ஒரு வார்த்த சொல்லிடறேன். கப்பல் தளத்துல இருந்தே சக்கரத்துல ஓடி கெளம்பி டார்பிடோ போடறதுக்குன்னு செஞ்ச முதல் விமானம் அது. 1917-லயே இங்கிலாந்து தளபதி பீட்டி 120 விமானத்த அனுப்பி ஜெர்மன் கப்பல் படைய அவங்க துறைமுகத்துலயே அடிக்கலாம்னு திட்டம் குடுத்தாரு, மேலிடம் ஒத்துக்கல. கடைசியில 1918 அக்டோபர்ல ஆர்கஸ்ங்கற விமானம் தாங்கிக் கப்பல்ல குக்கூ ஏறுச்சு, அடுத்த மாசம் போரே முடிஞ்சுருச்சு. துறைமுகத்துக்குள்ள நிக்கிற கப்பல் கூட்டத்த விமானம் வச்சு அடிக்கிற யோசன 1941-ல புதுசா முளைச்சதில்லன்னு இதுல இருந்தே தெரியும்.

துறைமுகம்னா ஆழம் கம்மி. விமானத்துல இருந்து விழுற டார்பிடோ மொதல்ல நல்லா ஆழமா போய் அப்பறம்தான் மேல வந்து தன் ஆழத்த புடிக்கும். அதுக்கு கொறஞ்சது 75 அடி தண்ணி வேணும்னு அப்ப ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. இத்தாலியில தாரந்தோ துறைமுகம் சுமார் 12 மீட்டர், அதாவது 40 அடிக்கு உள்ளதான். 1940 நவம்பர் 11 ராத்திரி இங்கிலாந்தோட இல்லஸ்ட்ரியஸ் விமானம் தாங்கிக் கப்பல்ல இருந்து 21 ஸ்வார்ட்ஃபிஷ் விமானம் அங்க போச்சு, துணி போத்தின ரெட்ட இறக்கை விமானம், அதுலயும் டார்பிடோ இருந்தது 11-ல மட்டும்தான். அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா, விமானத்தோட மூக்குக்கு கீழ கம்பி சுத்தின ஒரு டிரம்ம மாட்டி கம்பியோட முனைய டார்பிடோ மூக்குல கட்டிட்டாங்க. டார்பிடோ கீழ விழறப்ப கம்பி இழுத்துப் புடிக்கும், மூக்கு கீழ சாயாம நிமிர்ந்தே இருக்கும், வயித்தடியா விழும், ஆழம் போகாது. கெணத்துல குதிக்கிற பையன் அரைஞாண் கயித்த மேல இருந்து ஒருத்தன் புடிச்சு இழுத்த மாதிரின்னு வச்சுக்கோங்க. மூணு போர்க்கப்பல் அடி வாங்குச்சு, போன விமானத்துல ரெண்டுதான் திரும்பல. இத்தாலிக்காரங்க கப்பல சுத்தி டார்பிடோவ தடுக்கற வலை போட்டிருந்தாங்க, ஆனா தேவையில மூணுல ஒரு பங்குதான் போட்டிருந்தாங்க, அதுவும் அடி வரைக்கும் எட்டல.

தாரந்தோவ பாத்துதான் ஜப்பான் பேர்ல் ஹார்பர செஞ்சுதுன்னு பொதுவா சொல்லுவாங்க. ஜப்பான் அதிகாரி நைட்டோ பெர்லின்ல இருந்து தாரந்தோவுக்கே போய் பாத்துட்டு வந்தாருங்கறது உண்மைதான். ஆனா டார்பிடோ விஷயத்துல அவங்க அதுக்கு முன்னாடியே வேற வழியில ரொம்ப தூரம் போயிருந்தாங்க. அவங்களோட டைப் 91 டார்பிடோ 1931-ல வந்தது. அஞ்சு வருஷம் கழிச்சு 1936-ல அதுக்கு மரத்துல ஒரு வால் பலகை சேத்தாங்க. காத்துல விழறப்ப அம்புக்கு இறகு மாதிரி அது டார்பிடோவ சரியான சாய்வுல புடிச்சுக்கிட்டு வரும், தண்ணியில பட்ட ஒடனே மரம் ஒடஞ்சு கழண்டு போயிரும், அப்பறம் டார்பிடோ பாட்டுக்கு தன் சொந்த துடுப்புல ஓடும். எவ்வளவு எளிமையான யோசன பாருங்க, எனக்கு இத நினைச்சா இப்பவும் மனசு நெறஞ்சு போகும். தச்சு வேலை தெரிஞ்ச ஆளுக்கு இதுல புரியாதது ஒண்ணும் இல்ல.

அதோட பிரச்ன முடியல. டார்பிடோ காத்துல விழறப்ப தன்னைத்தானே உருள ஆரம்பிக்கும். கால் சுத்து உருண்டுட்டா என்ன ஆகும், இடது வலது திருப்புற சுக்கான் மேல கீழ திருப்புறதா மாறிரும், மேல கீழ போக வைக்கிற துடுப்பு பக்கவாட்டுல திருப்ப ஆரம்பிச்சுரும். மிஷின் தப்பே பண்ணல, ஆழத்த கொறைக்கணும்னு சரியாத்தான் துடுப்ப திருப்பும், ஆனா அது எங்கயோ பக்கத்துல போய் முட்டும், இல்ல தரையில குத்தும். ஜப்பான்காரங்க இந்த உருளல கைரோ வச்சு உணர்ந்து பக்கத்துல சின்ன சின்ன துடுப்பால சரி பண்ற ஏற்பாட்ட கண்டுபிடிச்சு 1941-க்குள்ள டார்பிடோவுலயே பொருத்திட்டாங்க. என்னக் கேட்டா பேர்ல் ஹார்பர்ல ஜப்பானோட பெரிய சாதனை இதுதான், கட்டுரையில வந்திருக்க வேண்டியதும் இதுதான். அப்பறம் ஜப்பான்ல ககோஷிமா விரிகுடாவுல மாசக்கணக்கா தாழப் பறந்து போட்டு போட்டு பழகினாங்க. பேர்ல் ஹார்பரும் சுமார் 12 மீட்டர் ஆழம்தான், அங்க டார்பிடோ விமானம் வர வாய்ப்பில்லன்னு அமெரிக்காக்காரங்க வலை போடாம விட்டிருந்தாங்க. 40 டார்பிடோ விமானம் போச்சு, அஞ்சுதான் திரும்பல. ஓக்லஹோமா கப்பல் கவுந்ததுல மட்டும் 429 பேர் போயிட்டாங்க.

இதுக்கு மூணு நாள் கழிச்சு டிசம்பர் 10-ஆம் தேதி மலேயாவுல குவாந்தான் கரைக்கு வெளிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ்னு ரெண்டு பெரிய இங்கிலாந்து கப்பல இதே மாதிரி டார்பிடோவால முடிச்சாங்க, 840 பேர் செத்தாங்க. உங்க கட்டுரையில இது ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம், ஏன்னா அப்ப மலேயாவுல நம்ம ஆளுங்க லட்சக்கணக்குல இருந்தாங்க. என் தாத்தாவும் அங்க ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டு இருந்தவர்தான். வெள்ளக்காரன் கப்பலே முங்கிருச்சாம்னு தோட்டத்துல காதும் காதும் வச்ச மாதிரி பேசிக்கிட்டாங்களாம், இனி நம்ம கதி என்னன்னு அன்னைக்கு ராத்திரி யாரும் தூங்கலன்னு அவர் சொல்ல கேட்டிருக்கேன். அந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அதே வருஷம் மே மாசம் ஜெர்மனியோட பிஸ்மார்க் போர்க்கப்பல் கூட மோதின கப்பல். பிஸ்மார்க்கோட சுக்கான ஒடச்சு அத முடிச்சு வச்சது ஸ்வார்ட்ஃபிஷ் போட்ட டார்பிடோ, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்கும் பின்பக்கம் கப்பல தள்ளுற சுழலியோட தண்டுகிட்ட பட்ட அடிதான் எமனா வந்துச்சு, வளைஞ்ச தண்டு சுத்தி சுத்தி உள்ள கிழிச்சு தண்ணி புகுந்துருச்சு. பிஸ்மார்க் விஷயத்துலயும் தண்ணிய தொடுற பிரச்ன வந்துச்சு, முதல்ல போன விமானங்க தெரியாம தங்களோட சொந்த கப்பல் ஷெஃபீல்ட் மேலயே டார்பிடோ போட்டாங்க, கப்பலோட காந்தத்த உணர்ந்து வெடிக்கிற திரி தண்ணியில பட்ட ஒடனே பாதியிலயே வெடிச்சுது, அதுனால ஷெஃபீல்ட் தப்பிச்சுது, ரெண்டாவது தடவ போறப்ப இடிச்சா வெடிக்கிற பழைய திரிக்கு மாத்திட்டு போனாங்க.

கடைசியா அமெரிக்கா. இத சொல்லாம கடிதத்த முடிக்க மனசு வரல. அவங்களோட மார்க் 13 டார்பிடோவ 50 அடி உயரத்துல 110 நாட் வேகத்துக்குள்ளதான் போடணும்னு விதி. ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர், அப்ப அது மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர், எதிரி சண்டை விமானம் அத விட ரெண்டு மடங்கு வேகத்துல வரும். 1942 ஜூன் 4, பசிபிக் கடல்ல ஜப்பானோட நடந்த மிட்வே சண்டையில மூணு கப்பல்ல இருந்து 41 டார்பிடோ விமானம் போச்சு, ஒரு டார்பிடோ கூட எதிரி கப்பல்ல வெடிக்கல, திரும்பி வந்த விமானத்த கைவிரல்ல எண்ணிரலாம். ஹார்னெட் கப்பலோட எட்டாவது டார்பிடோ படையில 15 விமானமும் சுட்டு வீழ்த்தப்பட்டுச்சு, 30 பேர்ல ஜார்ஜ் கேங்கற ஒருத்தர் மட்டும் கடல்ல மிதந்து பொழச்சாரு. உங்க கட்டுரையோட ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கீங்களே, அது அந்த வகை விமானத்தோட படம்தான்.

அந்த பசங்கள அனுப்பறதுக்கு முன்னாடி அந்த டார்பிடோவ வேகமா பறந்து போட்டா என்ன ஆகும்னு ஒழுங்கா சோதிச்சே பாக்கல. ஒரு வருஷம் கழிச்சு 1943-லதான் 105 டார்பிடோவ 150 நாட்டுக்கு மேல வேகத்துல போட்டு பாத்தாங்க, ஒழுங்கா ஓடினது சுமார் 31 சதவீதம்தான். நெறைய டார்பிடோ மோட்டாரே ஓடல, சிலது நேரா முங்கிப் போச்சு, சிலது தண்ணிக்குள்ள கோணலா திரும்பிருச்சு. அப்பறம் கால்டெக்ங்கற அமெரிக்க தொழில்நுட்பக் கழக ஆளுங்களும் சேந்து மூக்குல பிளைவுட்ல ஒரு வளையம், வால்ல ஒரு மரக்கூடு, துடுப்ப சுத்தி ஒரு இரும்பு வளையம்னு மாட்டினாங்க. மூக்கு வளையம் காத்துல வேகத்த கொறைச்சு ஆட்டத்த அடக்கும், தண்ணியில பட்டதும் செதறி விழும், அடிபடறதையும் அதுவே வாங்கிக்கும். 1944-ல பல நூறு அடி உயரத்துல இருந்து வேகமா பறந்துக்கிட்டே போட முடிஞ்சுது, 1945 ஏப்ரல்ல உலகத்துலயே பெரிய போர்க்கப்பல் யமாட்டோவ முடிச்சதுல பெரும்பங்கு அதே மார்க் 13-க்குத்தான். வித்தியாசம் கொஞ்சம் பிளைவுட்டும் முறையான சோதனையும். அத ரெண்டு வருஷம் முன்னாடி செஞ்சிருந்தா மிட்வேல போன பசங்க அவ்வளவு தாழ, அவ்வளவு மெதுவா போயிருக்க வேண்டியதில்ல. வகுப்புல இந்த இடத்த சொல்றப்ப ஒவ்வொரு வருஷமும் எனக்கு தொண்ட அடைக்கும்.

அதனால ஆசிரியர் ஐயா, ரெண்டு கோரிக்க. முதல் தாக்குதல் 1915 ஆகஸ்ட், மர்மரா கடல், சார்லஸ் எட்மண்ட்ஸ்னு ஒரு திருத்தம் போடுங்க, இணையப் பதிப்புலயும் அந்த வரிய மாத்துங்க, பசங்க இப்ப அதத்தான் பாத்து எழுதறாங்க. அடுத்த டிசம்பர்ல திரும்ப பேர்ல் ஹார்பர் பத்தி போடறப்ப எரியிற கப்பல் படத்தோட அந்த டைப் 91 டார்பிடோவோட மர வால் படத்தையும் ஒரு ஓரமா போட்டு அது எப்படி வேல செய்யுதுன்னு பத்து வரி எழுதுங்க. எழுத ஆள் கெடைக்கலன்னா சொல்லுங்க, நான் எழுதித் தரேன், கரும்பலகையில வரைஞ்சு வரைஞ்சு கை பழகிப்போன படம் அது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கோவில்பட்டி